முதல் துண்டு யாருக்கு

ராஜபாளையம்,
4 நவம்பர் 2024

அன்புள்ள யோகேஸ்வரிக்கு,

ஜெபசெல்வி அக்கா எழுதுவது. காய்ச்சல் இப்போது தேவலையா? இரண்டு நாள் நீ வராததால் சீட்டு எடுக்கிற வேடிக்கை உனக்கு இல்லாமல் போயிற்று. மிச்சம் கிடந்த சீட்டை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். உன் குழந்தை அனுக்ரஹா.

நம் பஞ்சுக் கம்பெனியில் உனக்கு இது முதல் கிறிஸ்துமஸ். அதனால் விளக்கிவிடுகிறேன். சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவர் உனக்குக் குழந்தை, நீ அவருக்குக் கிறிஸ்துமஸ் அம்மா. ஆம்பளைகளும் அம்மாதான். நீ யார் என்று குழந்தைக்குத் தெரியவே கூடாது. கடிதம் எழுதி வேடிக்கையான வேலைகள் கொடுக்க வேண்டும், குழந்தை அதைச் செய்தே ஆக வேண்டும். செல்போனில் அனுப்பினால் நம்பர் காட்டிக்கொடுத்துவிடும், ஆகையால் எல்லாம் காகிதம்தான். என் மேஜைமேல் இருக்கும் பிஸ்கட் டின்னில் போட்டால் போய்ச் சேரும். கையெழுத்து தெரியாமலிருக்க அம்மாக்கள் கம்ப்யூட்டரில் அடித்துப் போடலாம்.

கிறிஸ்துமஸ் காலை என் வீட்டு மாடியில் எல்லோரும் குடும்பத்தோடு கூடுவோம். அம்மா தரும் கடைசி வேலையை அங்கே எல்லோர் முன்னாலும் குழந்தை செய்யும். பிறகு அம்மா எழுந்து தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும். அதற்குப் பின் பொங்கலுக்குள் குழந்தை தன் அம்மாவுக்கு ஒரே ஒரு வேலை திருப்பிக் கொடுக்கலாம். இதுவரை அதை யாரும் மறுத்ததில்லை.

"எனக்கு இதெல்லாம் வராதுக்கா"ன்னு ஒளிஞ்சுக்காத ஏட்டி. பேசத்தானே கூச்சம், எழுத என்ன? கஞ்சி குடி, உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ஜெபசெல்வி அக்கா


ராஜபாளையம்,
7 நவம்பர் 2024

அன்பு மகள் அனுக்ரஹாவுக்கு,

உன் கிறிஸ்துமஸ் அம்மா எழுதுகிறேன். நலமா? நேற்று மதியம் முழுக்கத் தும்மிக்கொண்டிருந்தாய். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதே, உட்கார்ந்தால் காதை மூடிக்கொள்.

நீ உள்ளே வந்தால் எல்லோரும் தலை நிமிர்கிறார்கள். நீ பேச ஆரம்பித்தால் டீ கொண்டுவருகிறவர்கூடத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்கிறார். அது எப்படி என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். எனக்கு நீ குழந்தையாக வந்ததில் சந்தோஷம்தான், கொஞ்சம் பயமும்.

முதல் வேலை: திங்கட்கிழமை வலது காலில் ஒரு செருப்பும் இடது காலில் வேறொரு செருப்பும் போட்டு வா. யாராவது கேட்டால், எங்கள் ஊரில் இப்போது இதுதான் வழக்கம் என்று சொல்.

பிடிக்கவில்லையென்றால் எழுது, வேறு தருகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா


ஸ்ரீவில்லிபுத்தூர்,
12 நவம்பர் 2024

என் அருமைக் கிறிஸ்துமஸ் அம்மாவுக்கு,

அநேக நமஸ்காரம். தும்மல் போய்விட்டது. நீங்கள் சௌக்கியமா?

செருப்பு வேலை பிரமாதம். பஸ் ஸ்டாண்டில் ஒரு மாமி என் காலையே பார்த்துக்கொண்டு வந்து, "ஏண்டியம்மா, ஆத்துல ஏதாவது கஷ்டமா?" என்று கேட்டார். மேனேஜர், ஒரு செருப்பு தொலைந்துவிட்டது என்று நினைத்து பியூனைத் தேட அனுப்பினார். இடது கால் நீலச் செருப்பை என் மேஜை இழுப்பறையிலேயே வைத்திருக்கிறேன், ஞாபகத்துக்கு.

நீங்கள் யாரென்று கண்டுபிடிக்கத் தலையை உடைத்துக்கொள்கிறேன். அக்கவுண்ட்ஸ் சிவரஞ்சனி அக்காவா? டெஸ்பாட்ச் சந்தனம் சாரா? ஒருவர் மட்டும் நிச்சயம் இல்லை: மூலை மேஜை யோகேஸ்வரி. அவள் கடிதம் எழுதினால் "மதிப்பிற்குரிய ஐயா" என்றுதான் ஆரம்பிப்பாள். நானும் பேக்கிங் சூப்பர்வைசர் விமலும் அவளுக்கு மியூட் என்று பெயர் வைத்திருக்கிறோம். சோற்று டப்பாவின் மூடியைப் பாதிதான் திறப்பாள், உள்ளே இருப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாதாம். மேனேஜர் போனில் பேசினால்கூட எழுந்து நிற்பாள். அவள் வீட்டில் முதல் பட்டதாரியாம். தளும்பும் குடத்தை இடுப்பில் வைத்திருப்பவள் மாதிரி அந்தப் பட்டத்தைச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு நடப்பாள். பாவம், நல்ல பெண்தான்.

அடுத்த வேலை சீக்கிரம் கொடுங்கள்.

உங்கள் குழந்தை,
அனுக்ரஹா


ராஜபாளையம்,
26 நவம்பர் 2024

அன்பு மகள் அனுக்ரஹாவுக்கு,

நலமா? தாமதமாக எழுதுகிறேன். இடையில் எனக்கு உடம்பு சரியில்லை. பெரிதாக ஒன்றுமில்லை, சாப்பாடு இறங்கவில்லை.

உன் கடிதம் ரொம்ப நன்றாக இருந்தது. நீ கண்ணால் பார்த்ததை அப்படியே கண் முன்னால் கொண்டுவந்துவிடுகிறாய். மியூட் என்று எழுதியிருந்தாயே, அந்தப் பெண்ணை நான் இத்தனை நாள் சரியாகக் கவனிக்கவில்லை. நீ எழுதிய பிறகுதான் கவனித்தேன். நீ சொன்னது எல்லாமே சரி.

அடுத்த வேலை: வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது அவளைப் போல நடித்துக் காட்டு. டப்பா திறப்பது, போனுக்கு எழுந்து நிற்பது, நடை, எல்லாம். அவளும் இருக்கும்போதே செய். இல்லாதபோது செய்தால் அது புறம் பேசுவது ஆகிவிடும்.

விமலையும் சாப்பிட அழைத்துக்கொள். சிரிக்க ஆள் வேண்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா


ஸ்ரீவில்லிபுத்தூர்,
2 டிசம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நமஸ்காரம். உடம்பு குணமாயிற்றா? வெறும் வயிற்றில் காபி குடிக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை நீங்களும் அங்கேதான் எங்கோ உட்கார்ந்திருப்பீர்கள், பார்த்திருப்பீர்கள். விமல் சிரித்துச் சிரித்துப் புரை ஏறி வெளியே ஓடிவிட்டார். சந்தனம் சார், "ஏ தாயி, இன்னொரு தடவை அந்தப் போன் எடுக்கதைக் காட்டு" என்று கேட்டு இரண்டாம் முறையும் செய்யவைத்தார். ஆரம்பிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் யோகேஸ்வரியே சிரித்தாள். முடிந்ததும் எழுந்து வந்து, "அச்சா என்னைய மாதிரியே இருந்துச்சு" என்று சொல்லி, தன் டப்பாவிலிருந்து வெள்ளரித் துண்டு ஒன்று கொடுத்தாள். அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அம்மா, ஒன்று சொல்லட்டுமா? எங்கள் வீட்டில் அம்மாவோடு பேசினால் ஜாதகத்தில்தான் போய் முடியும். உங்களுக்கு எழுதும்போது பேச ஆள் கிடைத்த மாதிரி இருக்கிறது. சொல்ல வேண்டியது ஒன்று தொண்டை வரை வந்து நிற்கிறது. விமலைப் பற்றி. சொல்லலாமா?

உங்கள் குழந்தை,
அனுக்ரஹா


ராஜபாளையம்,
5 டிசம்பர் 2024

என் செல்ல மகள் அனுக்ரஹாவுக்கு,

நான் நலம். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறேன்.

சொல்லலாமா என்று கேட்கிறாயே, அம்மாவிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப் போகிறாய்? இந்த முறை வேறு வேலை கிடையாது, அதுதான் வேலை. பாதியில் நிறுத்தாமல் முழுதாக எழுது. யாருக்கும் தெரியாது. எனக்கு அதிகம் பேசிப் பழக்கமில்லை, அதனால் என்னிடம் வந்தது வெளியே போவதில்லை.

இரண்டு நாளாக நீ மல்லிகை வைக்காமல் வருகிறாய். ஏன் என்றும் எழுது.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா


ஸ்ரீவில்லிபுத்தூர்,
10 டிசம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நமஸ்காரம். மல்லிகை விலை ஏறிவிட்டது, வேறு காரணமில்லை. அதைக்கூடக் கவனிக்கிறீர்களே.

முழுதாகச் சொல்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு மருத்துவத் துணி ஏற்றுமதி கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஜனவரி இருபதாம் தேதிக்குள் சேர வேண்டும். விமலுக்கும் அங்கேயே வேறு மில்லில் கிடைத்துவிட்டது. அவர் தளவாய்புரத்துக்காரர், வேறு சாதி. எங்கள் வீட்டில் அந்தப் பெயரையே எடுக்க முடியாது. அதனால் நம் கம்பெனிதான் ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்புகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். போய்க் காலூன்றிக்கொண்ட பிறகு மெதுவாகச் சொல்லலாம் என்று இருக்கிறோம். எனக்கு விமலைவிட அந்த வேலை பெரிது என்று சில நாள் தோன்றுகிறது. அதையும் உங்களிடம்தான் சொல்கிறேன்.

அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. "உங்க ஆபீஸ் மனுஷாளை ஒரு தடவை பார்க்கறேன், அப்புறம் சொல்றேன்" என்கிறார். ஆண்டாள் கோயில் மடப்பள்ளியில் சமையல் கைங்கர்யம் செய்பவர் அவர். மார்கழியில் ஒரு நாள்கூட வேறெங்கும் போகமாட்டார். ஆனால் கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலைத் தளிகை முடித்துவிட்டு ஜெபசெல்வி அக்கா வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், எனக்காக. அம்மா அரவிந்தவல்லியும் வருகிறாள். அன்று காலை எல்லாம் நல்லபடியாக இருந்துவிட்டால் போதும், அப்பா சம்மதித்துவிடுவார்.

நீங்கள் யாராக இருந்தாலும் அன்று என் பக்கத்தில் இருங்கள்.

உங்கள் குழந்தை,
அனுக்ரஹா


ராஜபாளையம்,
19 டிசம்பர் 2024

என் செல்ல மகள் அனுக்ரஹாவுக்கு,

நலமா? குளிர் அதிகமாக இருக்கிறது, சால்வை இல்லாமல் பஸ் ஏறாதே.

எல்லாம் நல்லபடியாக நடக்கும். அப்பாவையும் அம்மாவையும் முதல் வரிசையில் உட்கார வை, அங்கேதான் வெயில் படாது, பேசுவதும் நன்றாகக் கேட்கும். கேக் முட்டையில்லாததாக இருக்கட்டும் என்று ஜெபசெல்வி அக்காவிடம் சொல். அப்பா சாப்பிடாவிட்டாலும், கையால் தொடுகிற மாதிரியாவது இருக்கட்டும்.

விமலைக் கிறிஸ்துமஸ் தாத்தாவாக வேஷம் போடச் சொல்லியிருக்கிறார்களாம். நம் கம்பெனிப் பஞ்சில்தான் தாடி செய்கிறார்கள். அது யாரோ நல்ல மனசோடு சொன்ன யோசனை. தாடிக்குள் இருந்தால் உன் அப்பாவுக்கு அவர் முகம் தெரியாது இல்லையா?

கடைசி வேலையை ஒட்டிய கவரில் ஜெபசெல்வி அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். அங்கே வந்துதான் பிரிக்க வேண்டும். சின்ன வேலைதான், ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

நான் உன் பக்கத்தில்தான் இருப்பேன்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா


25 டிசம்பர் 2024

அன்பு மகளுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

கேக்கின் முதல் துண்டை, உன் மனசில் முதலில் இருப்பவருக்கு உன் கையால் ஊட்டு. பெற்றவர்கள் போட்டியில் இல்லை.

அம்மா


ராஜபாளையம்,
28 டிசம்பர் 2024

யோகேஸ்வரிக்கு,

ஜெபசெல்வி எழுதுவது. சுகமாக இருக்கிறாயா என்று கேட்டுத்தான் எழுதிப் பழக்கம், கேட்டுவிட்டேன். நீ போனை எடுக்காததால் இந்தக் காகிதம்.

பத்து நாளாக அந்தக் காலைக்காக ஓடினேன். நட்சத்திரம் கட்டினேன், பிள்ளைகளுக்கு பலூன் போட்டி வைத்தேன், அனுக்ரஹாவின் அப்பா வேங்கடேசன் ஐயா வீட்டுக்கென்று பாலும் பழமும் தனியாக எடுத்து வைத்தேன். அந்த மனுஷர் மார்கழி மாதத்தில் என் மாடிப்படி ஏறி வந்து, "ரொம்ப சந்தோஷம்மா" என்று கும்பிட்டார். இடியாப்பமும் கறிக்குழம்பும் பாதிப் பேர் இலையில் அப்படியே கிடந்தது. என் வீட்டுக் கிறிஸ்துமஸை யாரும் மறக்கக் கூடாதென்று ஆசைப்பட்டேன். இனி மறக்க மாட்டார்கள்.

அனுக்ரஹா உன் சீட்டைச் சத்தமாக வாசித்துவிட்டுத் திகைத்து நின்றதை நானும் பார்த்தேன். பிறகு சிரித்துக்கொண்டு, தாடிக்காரனைத் தாண்டி, நேரே கடைசி வரிசைக்கு வந்து, "எங்க மியூட்டுக்குத்தான் முதல் துண்டு" என்று உனக்கு ஊட்டினாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், அது தப்பாக இருந்தால் இருக்கட்டும். ஆனால் அம்மா யாரோ அவர் முன்னால் வரலாம் என்று நான் கூப்பிட்டபோது, நீ எழுந்து, உதட்டிலிருந்த கிரீமைத் துடைத்துவிட்டுச் சொன்னாயே, "நான்தான் அம்மா. புள்ள பொய் சொல்லுது. அவ மனசுல இருக்கது விமல். ஜனவரியில அவிய ரெண்டு பேரும் கோயம்புத்தூர் போறாக. ட்ரெய்னிங்னு வீட்டுல சொன்னது பொய்" என்று. முதல் வரிசைக்கு மட்டுமில்லை, கீழே தெருவில் நின்றவர்களுக்கும் கேட்டது.

இத்தனை நாளா அந்தக் குரலை எங்கட்டி வச்சிருந்த?

அந்த விமல் தாடியைக் கழற்றி, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, இந்தப் புள்ள என்னமோ உளறுது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அவனும் ஒரு மனுஷனா!

வேறு எழுத மனசில்லை.

ஜெபசெல்வி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
5 ஜனவரி 2025

யோகேஸ்வரிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் போன் அப்பாவின் பெட்டியில் இருக்கிறது. எங்களைப் பார்க்க வந்த ஜெபசெல்வி அக்காவிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

மியூட் என்று சொன்னது தப்பு. உன்னை வைத்து நடித்துக் காட்டியது அதைவிடத் தப்பு. அந்தக் கேக்கை நான் கேலிக்காகக் கொண்டுவரவில்லை, பயத்தில் கொண்டுவந்தேன். அங்கே இருந்தவர்களில் எனக்கு ஆபத்து வராத ஒரே ஆள் நீதான் என்று நினைத்தேன். இதையெல்லாம் நீ மன்னிக்க வேண்டாம். எனக்கு வேறொன்று வேண்டும்.

அப்பா கை ஓங்கவில்லை. திட்டவும் இல்லை. மறுநாளே அத்தையைக் கூப்பிட்டுவிட்டு, அத்தை பிள்ளை தாமோதருக்கு என்னைப் பேசி முடிக்கிறார். தை கடைசியில் முகூர்த்தம். வேலைக்கு அனுப்ப மாட்டார்களாம். விமலோடு ஒன்றும் இல்லை என்று நான் சொல்லிவிட்டேன். விமலும் இல்லை என்று சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். அவர் சொன்னது பொய்தான், ஆனால் இப்போது எனக்கு அந்தப் பொய் உதவும். விமல் இனி வேண்டாம், எனக்குக் கோயம்புத்தூர் மட்டும் போதும். நீ சொன்ன அந்த ஒன்றுதான் நடுவில் நிற்கிறது. அப்பா நேற்று சொன்னார்: "அந்தப் பொண்ணு இங்க வந்து, விளையாட்டுக்குத் தப்பாச் சொல்லிட்டேன்னு என் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் நம்பறேன். நீ வேலைக்குப் போ." அவர் சொன்னால் சொன்னதுதான்.

பொங்கலுக்குள் குழந்தை அம்மாவுக்கு ஒரு வேலை கொடுக்கலாம் என்பது வழக்கம். இதுதான் அந்த வேலை. எங்கள் வீட்டுக்கு வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல். ராஜபாளையத்திலிருந்து அரை மணி நேரம்தான். வடக்கு ரத வீதியில் யாரிடம் மடப்பள்ளி வேங்கடேசன் வீடு என்று கேட்டாலும் காட்டுவார்கள்.

இருபதாம் தேதிக்குள் நான் அங்கே சேர்ந்தாக வேண்டும். தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அனுக்ரஹா


ராஜபாளையம்,
16 ஜனவரி 2025

அன்பு மகள் அனுக்ரஹாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அப்பாவும் அம்மாவும் சௌக்கியமா? அப்பா மார்கழி முழுக்க விடியற்காலையில் எழுந்து அடுப்படியில் நின்றவர், இனியாவது அவரைக் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்.

உன் கடிதம் ஏழாம் தேதியே ஜெபசெல்வி அக்கா மூலம் கிடைத்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதும் கையில் வைத்திருந்தேன். கூமாப்பட்டியில் இந்த வருஷம் பொங்கல் நல்லபடியாகக் கழிந்தது. என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் நான் உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "எம்புட்டு அழகா எழுதுது அந்தப் புள்ள" என்றாள்.

அலுவலகத்தில் உன் மேஜையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல் பக்கம் நல்ல காற்று. இழுப்பறையில் உன் நீலச் செருப்பு ஒன்று இருந்தது. இந்தக் கடிதத்தோடு அதையும் அக்காவிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மற்றதை நீ வைத்திருப்பாய், ஜோடி சேர்ந்துவிடும். வெளியூர் ஆர்டர்காரர்களோடு போனில் பேசும் வேலையும் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. உட்கார்ந்தபடியேதான் பேசுகிறேன். மேனேஜர் நன்றாக இருக்கிறது என்கிறார். மதியம் எல்லோரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், என் டப்பாவை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. சந்தனம் சார் என்னிடம் பார்த்துத்தான் பேசுகிறார்.

கல்யாணப் பத்திரிகை அச்சானதும் அனுப்பு. கல்யாணப் பெண் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு நிற்காதே, உனக்கு உடனே தும்மல் வந்துவிடும்.

நீ சொன்ன வேலையை யோசித்துப் பார்த்தேன். உன் வீட்டுக்கு வந்து, உன் அப்பா முன்னால் நின்று பேச வேண்டும் என்கிறாய். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அது உனக்குத் தெரிந்ததுதானே.

ஆசீர்வாதங்களுடன்,
உன் கிறிஸ்துமஸ் அம்மா,
யோகேஸ்வரி